அளவு ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு: ஒரு சுங்குடி ரவிக்கை தைத்த விவரம்

மதுரையில் வீட்டு முன்னறையையே கடையாக்கித் தைக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் டேப்பைக் கிட்டே விடமாட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றை நீட்டி, "இதே அளவுக்குத் தைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். இங்கே எழுதப்போகும் அக்காவும் அப்படித்தான் வந்தார். வயது 58. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரும் தெருவும் வேண்டாம். அளவுகளை எழுதிக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அவர் கொண்டுவந்த பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, அவருடைய அம்மா கட்டிய அரக்கு நிறச் சுங்குடிச் சேலை. நடுவில் இரண்டு இடத்தில் இழை விட்டுப்போய்க் கிழிந்திருந்தது, கரையும் முந்தானையும் நன்றாக இருந்தன. இன்னொன்று, அளவு ஜாக்கெட். கூடவே வந்த மருமகள் போனில் ஒரு படம் காட்டினார்: முதுகில் ஆழமான பானைக் கழுத்து, ஆரி வேலை, கயிற்று நுனியில் குஞ்சலம். சேலையின் நல்ல பகுதியில் அப்படி ஒரு ஜாக்கெட் வேண்டும், கோயில் விசேஷத்துக்குப் போட வேண்டும்.

அக்காவின் குறை வேறு. "எந்த டெய்லர்கிட்ட குடுத்தாலும் தோள்ல நிக்க மாட்டேங்குது, ஏம்மா. முன்பக்கம் தூக்கிக்கிட்டு வருது. அவுங்களையும் சொல்லக் கூடாது, என் உடம்பு வாகு அப்படி."

உடம்பு வாகைப் பழி சொல்வதை இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கிறேன். அளவு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

துணியில் விழும் சுருக்கம் சும்மா விழுவதில்லை. எங்கே துணி பற்றவில்லையோ அந்த இடத்தைக் காட்டிக்கொண்டுதான் விழும். அக்காவின் ஜாக்கெட்டில் மார்பு முனையிலிருந்து அக்குளை நோக்கி இரண்டு பக்கமும் இழுப்புச் சுருக்கம். இரண்டாவது கொக்கிக்கும் மூன்றாவது கொக்கிக்கும் நடுவில் பட்டி வாய் பிளந்திருந்தது. அதே சமயம் முதுகுப் பக்கம் இரண்டு விரலில் பிடிக்கும் அளவுக்குத் துணி தொளதொள என்று தொங்கியது. ஒரே ஜாக்கெட், முன்னால் இறுக்கம், பின்னால் தளர்ச்சி.

வலது தோளில் ஷோல்டர் தையல் எலும்பைத் தாண்டிக் கைப்பக்கம் வந்து நின்றது. டக்கின் (மார்புக்குக் குழிவு வரத் துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் தையல்) நுனி மார்பு முனைக்கு ஒரு இன்ச் மேலே முடிந்தது. முன்பக்கம் மேலே ஏறுவதற்கு இதுதான் பெரிய காரணம். துணியில் குழிவு இருக்கும் இடத்தில் உடம்பு இல்லை, உடம்பு இருக்கும் இடத்தில் துணி தட்டையாக இருக்கிறது. கீழ்ப்பட்டி வேறு வழியில்லாமல் மேலே ஏறித் தனக்கு இடம் தேடிக்கொள்கிறது.

பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்தேன். பழைய தையல் ஓட்டை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. முன்னால் இறுகுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவரும் பக்கத்தைப் பிரித்து விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் விடும் துணி முன்னுக்கும் பின்னுக்கும் சமமாகப் போகும். முன்னால் பாதிக் குறை தீரும், முதுகு இன்னும் தளரும், முதுகு தளர்ந்தால் தோள் இன்னும் வழியும். அப்புறம் அந்த ஜாக்கெட்டே அடுத்த டெய்லரிடம் அளவு ஜாக்கெட்டாகப் போயிருக்கிறது. இப்படித்தான் ஒரு தப்பு ஒவ்வொரு கடையாகப் பத்திரமாகக் கைமாறுகிறது. அளவு ஜாக்கெட்டுக்கு எதிரி இல்லை நான். சரியாக இருக்கிற ஜாக்கெட் என்றால் அதைவிட நல்ல அளவு கிடையாது. சரியில்லாததையும் நாம் அப்படியே நம்புகிறோம் என்பதுதான் சிக்கல்.

எடுத்த அளவுகள்

பொதுவாக மார்புச் சுற்றளவு ஒன்றை எடுத்து நாலால் வகுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் வைத்து வெட்டிவிடுவோம். அக்காவுக்கு மார்புச் சுற்றளவு 40 இன்ச். நாலால் வகுத்தால் 10. கணக்கு சரிதான், ஆனால் அந்த 40 உடம்பைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் கணக்கு சொல்லாது.

அதனால் டேப்பை முதலில் அக்குளுக்கு அடியில், மார்புக்கு மேலாகச் சுற்றி எடுத்தேன்: 36. மார்பின் நிறைந்த இடத்தில் 40. மார்புக்குக் கீழே 33. பிறகு பக்கத் தையல் விழ வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, முன்னையும் பின்னையும் தனித்தனியாக எடுத்தேன். முதுகு 17½, முன்பக்கம் 22½. இரண்டும் சேர்ந்தால் அதே 40. ஆனால் பாதிப் பாதியாகப் பார்த்தால் முதுகுக்கு 8¾ போதும், முன்னுக்கு 11¼ வேண்டும். இரண்டுக்கும் 10 கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அளவு ஜாக்கெட்டே சாட்சி.

தோளிலிருந்து மார்பு முனை 10½. இரு முனைகளுக்கு நடுவே 7½. முழு ஷோல்டர் 14, அளவு ஜாக்கெட்டில் 15 இருந்தது. 40 சைஸுக்கு உரிய ஷோல்டரை 36 சைஸ் எலும்புக்குப் போட்டிருக்கிறார்கள். மார்பு பெருத்தால் தோள் எலும்பும் நீளும் என்பது போன்ற கணக்கு. கடைசியாக, வலது தோள் இடதைவிட அரை இன்ச் இறக்கம். பல வருஷம் வலது தோளில் கைப்பை மாட்டிய பழக்கம் என்று அவரே சொன்னார்.

ஒரு சின்ன விலகல். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863 முதல் சைஸ் வாரியாகப் பேப்பர் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்த கம்பெனிப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் மேல் மார்புக்கும் நிறைமார்புக்கும் 2 இன்ச் வித்தியாசம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வரையப்படுகின்றன. அதற்கு மேல் வித்தியாசம் உள்ளவர்கள் மேல் மார்பு அளவில் பேட்டர்ன் எடுத்து முன்பக்கத்தை மட்டும் விரிக்க வேண்டும். நம் ஊர் ஜாக்கெட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். உடம்போடு ஒட்டிப் போடும் உடுப்பு என்பதால் சட்டையைவிட இதற்குத்தான் அதிகம் தேவை. அக்காவுக்கு வித்தியாசம் 4 இன்ச்.

பேப்பரை வெட்டி விரித்தது

பழைய துணி என்பதால் நேராகத் துணியில் கத்தரி வைக்கும் பேச்சே இல்லை. ஒருமுறை தைத்துப் பிரித்தால் ஊசித் தடம் அப்படியே நிற்கும், இரண்டாம் முறை அந்த வரியிலேயே கிழியும். பிரவுன் பேப்பரில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்து, கடைசியாகத்தான் சுங்குடி.

என்னிடம் உள்ள அடிப்படைப் பேப்பர்களில் மேல் மார்பு 36க்கு உரியதை எடுத்தேன். அதில் லூஸ் சேர்க்காமல் முதுகுப் பாதி 9, முன்பாதி 10. முதுகில் கால் இன்ச் கூடுதல், முன்னால் 1¼ இன்ச் குறைவு. தோளும் கழுத்தும் கைக்குழியும் அக்காவுக்கு ஏறக்குறையச் சரி. தொட வேண்டியது முன்பக்கத்தின் நடுப்பகுதி மட்டும்.

முதலில் மார்பு முனையை 10½ இன்ச்சில் குறித்தேன். அங்கிருந்து நேர் கீழே இடுப்பு ஓரம் வரை ஒரு கோடு. அதே முனையிலிருந்து ஆர்ம்ஹோலின், அதாவது கைக்குழியின், கீழ்ப்பகுதிக்குச் சாய்வாக ஒரு கோடு. மூன்றாவது கோடு முனையிலிருந்து பக்கத் தையலுக்கு. முதல் இரண்டையும் ஒரே வெட்டாகக் கீழிருந்து மேலே கத்தரித்து, ஆர்ம்ஹோல் ஓரத்தில் ஒரு நூல் கனத்துக்குப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்த வேண்டும். பக்கக் கோட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டி, முனைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும். அந்த ஒட்டுகள்தான் கீல். அறுந்துபோனால் செலோடேப் போட்டுக்கொள்ளலாம், உலகம் அழிந்துவிடாது.

இப்போது பக்கத் துண்டைப் பிடித்து வெளிப்பக்கம் நகர்த்தினால் செங்குத்து வெட்டு வாய் திறக்கும். இரண்டு ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாக, 1¼ இன்ச் இடைவெளி வரும்வரை திறந்தேன். பக்க வெட்டு தானாகவே ஆப்பு மாதிரி திறந்துகொண்டது. பேப்பர் தனக்கு வேண்டிய டக்கைத் தானே போட்டுக்கொள்ளும் இந்த இடத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, கற்றுக்கொள்ள வரும் பெண்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். பக்கத் துண்டு கீழே இறங்கிவிட்டதால் நடுத்துண்டின் அடி ஓரம் குட்டையாகத் தெரியும். அதைக் குறுக்கே வெட்டி, பக்கத் துண்டுக்குச் சமமாகக் கீழே இறக்கி, பின்னால் வேறு பேப்பர் வைத்து ஒட்டினேன். அகலம் மட்டுமல்ல, மார்பின் மேடு கேட்கும் நீளமும் இதில் சேர்ந்துவிடுகிறது. ஜாக்கெட் மேலே ஏறுவது இதனால்தான் நிற்கிறது. பக்கத்தில் துணி விட்டு மட்டும் இந்த நீளத்தை ஒருநாளும் கொண்டுவர முடியாது.

ஆர்ம்ஹோலின் நீளம் மாறவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கை மாற்றாமல் அப்படியே பொருந்தும்.

வலது தோளுக்கு ஒரு வழி, உள்ளே பஞ்சுப் பட்டை வைத்துத் தூக்குவது. மதுரை வெயிலில் அதை யார் போடுவார்கள்? ஷோல்டர் கோட்டைக் கைப்பக்கம் அரை இன்ச் இறக்கி, அதே அரை இன்ச்சைக் கைக்குழியின் அடியிலும் இறக்கினேன். மேலே மட்டும் இறக்கினால் குழி சிறுத்து, கையைத் தூக்கும்போது அக்குளில் அறுக்கும். வலதுக்குத் தனிப் பேப்பர், இடதுக்குத் தனிப் பேப்பர் என்றாகிவிட்டது. துணியை மடித்துப் போட்டு வெட்டும் வசதி போயிற்று. சரி, பரவாயில்லை.

படத்தில் இருந்த டிசைன் ஏன் நிற்கவில்லை

மருமகள் காட்டிய பானைக் கழுத்தை இந்த அளவுகளோடு வைத்துப் பார்த்தோம். முதுகில் 10 இன்ச் ஆழம் வெட்டினால் தோளைப் பிடித்து நிறுத்த அங்கே துணியே இருக்காது, கயிறு ஒன்றுதான் பிடி. அந்தக் கயிற்றைக் கட்ட அக்காவால் கையைப் பின்னால் வளைக்க முடியாது. "தினமும் யாரையாச்சும் கூப்பிட்டா கட்டச் சொல்றது?" என்று அவரே கேட்டுவிட்டார். ஆரி வேலையும் அதே கதிதான். கனமான ஜரிகையும் கல்லும் பழைய பருத்தியில் ஏறினால், வேலை முடிவதற்குள் துணி தொங்கிவிடும்.

சுங்குடியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர்களின் கைவேலை இது. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். அக்காவின் அம்மா சேலை கையால் முடிந்தது. புள்ளிகள் ஒரே மாதிரி இல்லை, சில வட்டம், சில கொஞ்சம் சதுரம், வரிசையும் அங்கங்கே நெளிகிறது. புரட்டிப் பார்த்தால் பின்புறமும் அதே தெளிவு. இவ்வளவு புள்ளி உள்ள துணியின் மேல் இன்னொரு வேலையை ஏற்றினால் இரண்டும் கெடும்.

ஆக டிசைன் கோட்டில் வர வேண்டும், புள்ளியில் வரக் கூடாது. எங்கிருந்து எடுப்பது? "போனை வச்சிட்டு வீட்டைச் சுத்திப் பாருங்க அக்கா, கோடு கோடா எதெல்லாம் இருக்குன்னு" என்றேன். அளவு பார்க்கப் போகிற சாக்கில் நானும் அவர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் கிடைத்தவை

அவர் முதலில் எடுத்துவைத்தது கோல நோட்டு. யார் வீட்டில்தான் இல்லை. மார்கழிக்கு மார்கழி சேர்த்த சிக்குக் கோலங்கள், ஓரத்தில் "15க்கு 8 சந்துப்புள்ளி" என்ற மாதிரிக் குறிப்புகள். ஜாக்கெட் முதுகில் சிக்குக் கோலத்தைப் பைப்பிங்கால் வளைத்து வைக்கலாமா என்று கேட்டார். நானும் ஆசைப்பட்டேன். ஆனால் கிராஸ் துணியில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய துணியில், செய்த கால் இன்ச் பைப்பிங்குக்கு வளைய ஒரு எல்லை உண்டு. சிக்கு வளைவு அதைவிடச் சின்னது, உள்வளைவில் துணி குவிந்து கட்டியாகும். பெரிதாக்கினால் முதுகில் ஒரே ஒரு சிக்குதான் கொள்ளும், அது கோலமாகத் தெரியாது, பூரானாகத் தெரியும். போதாததற்கு, கோலப் புள்ளியும் சுங்குடிப் புள்ளியும் ஒன்றோடொன்று மோதும். கோலம் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்து ஒரு பழைய எவர்சில்வர் டிபன் கேரியர். மூடியில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் உளியால் தட்டித் தட்டி எழுதுவார்களே, அந்த எழுத்து. அதைக் கையில் பூவேலையாகப் போட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஆயிரம் புள்ளிக்கு நடுவில் புள்ளியால் எழுதினால் யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் எழுத்து அழகு. அதை லைனிங் பக்கம், பின்கழுத்து மடிப்பின் உள்ளே சின்ன முடிச்சுத் தையலில் போட்டுக் கொடுக்கலாம் என்றேன். லைனிங் வெறும் நிறம், அங்கே புள்ளி எடுப்பாகத் தெரியும்.

பயன்பட்டது ஜன்னல். பழைய வீடுகளில் இருக்குமே, பட்டை இரும்பை வளைத்து ஒட்டிய கிரில். அக்கா வீட்டு முன் ஜன்னலில் நடுவில் ஒரு நேர்க்கம்பி, அதன் இரண்டு பக்கமும் மேலே வெளிப்பக்கத்திலிருந்து கிளம்பி உள்ளே வளைந்து நடுவில் ஒடுங்கி, பிறகு நேராகக் கீழே இறங்கும் இரண்டு பட்டைகள். அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது பிரின்சஸ் கட். ஆர்ம்ஹோலில் தொடங்கி மார்பு முனையை ஒட்டி வளைந்து இடுப்புக்கு இறங்கும் அந்தத் தையல் கோடு அப்படியே இருந்தது. பேப்பரில் நான் வெட்டித் திறந்து வைத்திருக்கும் கோடும் அதேதான்.

இங்கேதான் இந்த வேலை ஒன்றாகக் கூடியது. திருத்தத்துக்கு வெட்டிய கோடு ஒன்று, அழகுக்குப் போடும் கோடு ஒன்று என்று இரண்டு தேவையில்லை. பக்கத்தில் திறந்திருந்த ஆப்பை மூடி ஒட்டினேன். மூடியதும் ஆர்ம்ஹோல் பக்க வெட்டு அதே அளவு திறந்தது. பேப்பரை அந்தக் கோட்டில் இரண்டாகவே பிரித்துவிட்டால், டக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது, எல்லாம் ஒரு தையலுக்குள் போய்விட்டது. கிரில் வளைவைப் பார்த்து அந்தக் கோட்டை நயப்படுத்தினேன். மேல் வளைவைக் கொஞ்சம் கூட்டினேன், கீழே நேராக விட்டேன். கோடு மார்பு முனைக்கு அரை இன்ச் தள்ளிப் பக்கவாட்டில் போகிறது; முனை மேலேயே போனால் கூம்பு மாதிரி நிற்கும்.

ஆனால் முன்பக்கக் கோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? சேலை கட்டினால் முன்பக்கத்தின் பெரும்பகுதியை முந்தானை மூடிவிடும். வெளியே தெரிவது வலது தோள், இரண்டு கை, முதுகின் வலப்பக்கம், இடது விலா ஓரம். ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டிப் படம் எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதனால் கிரில் கோட்டை முதுகுக்கும் கொண்டுபோனேன். முதுகில் கூடுதலாக இருந்த கால் இன்ச்சைப் பக்கத்தில் வெட்டாமல் அந்தக் கோட்டுக்குள்ளேயே எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் சேலைக் கரையின் பச்சையில் மெல்லிய பைப்பிங். பின்கழுத்து ஆழம் 6 இன்ச், சாதாரண வளைவு. ஆழம் குறைந்ததால் கயிறும் தேவையில்லை.

கைக்கு யோசனை தந்தது சமையலறைக் கதவில் தொங்கிய ஒயர் கூடை. அக்காவே பின்னியது, கிராஸ் பின்னல், இரண்டு நிற ஒயர். "சிவன் கண்ணு, நெல்லிக்காய் எல்லாம் போடுவேன், இது சும்மா சாதா" என்றார். எனக்கு வேண்டியதே அந்தச் சாதாதான். கை ஓரத்தில் 1½ இன்ச் பட்டை, துணி ஒயரால் பின்னியது.

பின்னல் பட்டை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிழிந்த நடுப்பகுதியில் மிஞ்சிய துணியை 45 டிகிரி கிராஸில் 1 இன்ச் அகலப் பட்டைகளாக வெட்டினோம். கரைப் பச்சைக்கு ஒத்த புதுப் பருத்தியிலும் அதே மாதிரி. நீளவாக்கில் மடித்துத் தைத்து, தையல் இடத்தை ஒட்ட நறுக்கி, கொக்கிக் கம்பியால் உள்புறத்தை வெளியே இழுத்தால் கால் இன்ச் நாடா. ஐயர்ன் போடும்போது தையல் ஓரத்தில் வராமல் அடிப்பக்கம் நடுவில் வரும்படி உருட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் நாடா ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

ஒரு தெர்மோகோல் பலகையில் பேஸ்டிங் கேன்வாஸை ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, அரக்கு நாடாக்களை ஒரு சாய்வில் நெருக்கமாகக் குண்டூசியால் குத்தினேன். பச்சையை எதிர்ச்சாய்வில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்தது அக்காதான். என்னைவிட வேகம், ஒயர் பின்னிய விரல். முடிந்ததும் குண்டூசிகளை ஓரத்துக்கு மாற்றி, ஈரத்துணி போர்த்தி ஐயர்ன் பெட்டியை அழுத்தி எடுத்தால் கேன்வாஸ் பிடித்துக்கொள்ளும். தெர்மோகோல் உருகாமல் இருக்க நடுவில் கனமான துணி வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் வெட்டும் கோட்டுக்கு உள்ளே இரண்டு வரி மெஷின் தையல் ஓட்டிவிட வேண்டும். அதைச் செய்யாமல் கத்தரி வைத்தால் பின்னல் கையோடு அவிழ்ந்து வந்துவிடும். பட்டையைக் கையோடு சேர்க்கும் இடத்தில் கனம் அதிகம். அந்த ஒரு தையலுக்கு மட்டும் 16ஆம் நம்பர் ஊசி, மற்ற எல்லா இடத்துக்கும் 11.

காடாவிலிருந்து சுங்குடிக்கு

காடாவில் தைத்துப் போட்டபோது இழுப்புச் சுருக்கம் போயிருந்தது. கொக்கிப்பட்டி நேராக நின்றது. ஒரு இடத்தில் மட்டும் உப்பல்: மார்புக்கு மேலே, ஆர்ம்ஹோலை ஒட்டிக் கோடு தொடங்கும் பகுதியில் உடம்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. அங்கே கால் இன்ச்சைக் கிள்ளிக் குண்டூசி குத்தி, பக்கத் துண்டின் பேப்பரில் மட்டும் குறைத்துக்கொண்டேன். அப்புறம் சேலையைக் கட்டி முந்தானையைப் பின் குத்தி, கொண்டையில் பூ வைப்பது மாதிரி கையைத் தூக்கச் சொன்னேன், தரையில் உட்கார்ந்து எழச் சொன்னேன். நின்ற இடத்தில் சரியாக இருக்கும் ஜாக்கெட் எல்லாம் உட்கார்ந்தால் சரியாக இருந்துவிடாது.

பிரின்சஸ் கோட்டில் இரண்டு துண்டுகளின் நீளத்தையும் பேப்பரிலேயே ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். பக்கத் துண்டின் வளைவு கால் இன்ச் வரை கூடலாம், அதை மார்பு முனைக்கு மேலும் கீழும் சேர்த்து இரண்டு இன்ச்சுக்குள் அமுக்கித் தைத்துவிடலாம். அதற்கு மேல் கூடினால் சுருக்கம் விழும். வளைந்த இடத்தில் தையல் ஓரத்தை வெட்டி விடுவதைப் பழைய துணியில் தள்ளித் தள்ளிச் செய்தேன், ஒவ்வொரு வெட்டுக்கும் லைனிங்கில் வேறு இடம். இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

சேலையில் எந்த இடத்தை எடுப்பது என்பதற்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் இரண்டு கட்டை விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பதும் போதும். முந்தானைப் பக்கத்தில் ஒரு மீட்டர் தேறியது. அரக்குச் சாயம் இறங்குகிறதா என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன், லேசாக இறங்கியது. அதனால் லைனிங்கும் அதே நிறம். லைனிங்கை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் வெட்டினேன். சேலை எத்தனையோ முறை துவைத்துச் சுருங்கி முடித்துவிட்டது. புது லைனிங் இனிமேல்தான் சுருங்கும், சுருங்கினால் மேல்துணியைச் சேர்த்து இழுக்கும். தையல் நீளம் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். பொடித் தையல் போட்டால் பழைய துணியில் ஸ்டாம்பு ஓரம் மாதிரி ஓட்டை வரிசை விழுந்து, அங்கேயே கிழியும்.

துண்டுகளை வைக்கும்போது புள்ளி வரிசையைக் கண்ணால்தான் நேர் பார்த்தேன். கையால் முடிந்த புள்ளி ஸ்கேலுக்கு அடங்காது. ஒன்றில் மட்டும் பிடிவாதம்: எந்தப் புள்ளியும் மார்பு முனையில் விழக் கூடாது. சொன்னால் சிரிப்பார்கள், விழுந்தால் தெரியும். இடது ஷோல்டரில் முந்தானைப் பின் குத்தும் இடத்தில் உள்ளே ஒரு சதுரம் கெட்டித் துணி வைத்துத் தைத்தேன். அக்காவின் பழைய ஜாக்கெட்டுகள் எல்லாமே அந்த இடத்தில்தான் முதலில் நைந்திருந்தன.

முடிவில்

தோள் நிற்கிறது. முன்பக்கம் ஏறவில்லை. வலது கைக்குழி அரை இன்ச் இறங்கியதில் கையைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்கினால் ஜாக்கெட் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக எழும்புகிறது, இறங்கிய தோளை வெட்டிலேயே சரிசெய்தால் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். பின்னல் பட்டையால் கை ஓரம் கனம், ஏப்ரல் மே மாதத்தில் உறுத்தும். மருமகளுக்குக் குஞ்சலம் இல்லாத வருத்தம் இருந்தது, பட்டையைப் பார்த்ததும் தனக்கும் ஒன்று கேட்டார். அவருக்கு மேல் மார்புக்கும் நிறைமார்புக்கும் 2 இன்ச்தான் வித்தியாசம், பேப்பரை வெட்டி விரிக்க வேண்டியதில்லை. கை ஓரம் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

அக்காவுக்கு ஜாக்கெட்டோடு பேப்பரையும் கொடுத்தேன், முன் நடுத்துண்டு, முன் பக்கத்துண்டு, முதுகு இரண்டு, வலதும் இடதும் தனித்தனியாக, கை. ஒவ்வொன்றிலும் நேர் இழைக்கு அம்புக்குறி. இனி எந்தக் கடையில் தைத்தாலும் அளவு ஜாக்கெட்டைக் கொடுக்க வேண்டாம், இதைக் கொடுங்கள் என்றேன். கடைக்காரருக்காக ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: லூஸ் 1 இன்ச் சேர்த்தாயிற்று, தையலுக்கு இடம் சேர்க்கவில்லை; பக்கத்தில் 1 இன்ச், மற்ற இடங்களில் அரை இன்ச் விட்டு வெட்டவும்; உடம்பு ஏறினாலோ இறங்கினாலோ பக்கத் தையலைத் தொடாமல் முன் கோட்டில் மட்டும் சரிசெய்யவும்.